கோட்டுப் போட்ட செர்ரி மரம்

அளவுக்கு மீறி இரக்கப்படுபவர்களை நம்பி மரங்களை விட்டுச்செல்லக் கூடாது. நான் ஒரு மரத்தின்மேல் காட்டிய இரக்கம், ஹவுன்ஸ்லோவில் சித்தி வீட்டு வாசலுக்குப் பொலிஸைக் கொண்டுவந்து சேர்த்தது.

இலக்கியம் படிக்க வந்த நான் அங்கேதான் தங்கியிருந்தேன். மகள் தர்சியின் முதற்பிரசவத்துக்காகக் கனடா புறப்பட்ட சித்தி, தோட்டத்துச் சாடியில் நின்ற குட்டைச் செர்ரி மரத்தை என்னிடம் ஒப்படைத்தார். நெஞ்சளவே வளரும் அலங்கார மரம். வசந்தத்தில் பேரக்குழந்தையை அந்தப் பூக்களின் கீழ் வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"வேருக்குத்தான் குளிர் கூடாது. சாடியைச் சுத்திச் சாக்குக் கட்டிவிடு. மரம் குளிரட்டும், குளிர்ந்தாத்தான் பூக்கும்," என்றார்.

கட்டினேன். ஆனால் முதல் உறைபனி விழுந்த காலையில் அந்த வெறுங்கிளைகளைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மயிலுக்குப் போர்வை தந்த வள்ளலின் வாரிசு என்ற நினைப்பு எனக்கு (மயிலைக் கேட்டுத்தான் தந்தாரா என்று யோசித்திருக்கலாம்). தர்சியின் சிறுவயது நீலக் கோட்டை மரத்துக்கு மாட்டிப் பொத்தான்களைப் பூட்டினேன். உச்சியில் காது மூடும் கம்பளித் தொப்பி. கோட்டின் ஒரு கையால் கிளையொன்று வெளியே நீண்டது. மறு கை காலியாகத் தொங்கியது.

மறுநாள் மூடுபனியில் சமையலறை யன்னலால் பார்த்தேன். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வேலியைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். என் கைவேலைதான் என்று தெரிந்தும் தேநீரைச் சிந்தினேன். மூன்றாம் நாள் அவள் பக்கவாட்டில் நின்றாள். வார இறுதியில் வீட்டை நோக்கி நின்றாள். சித்தியோடு போகாமல் வீட்டிலிருந்த சித்தப்பாதான் வெயில் படட்டும் என்று சாடியைத் திருப்பிவைக்கிறார் என முடிவுகட்டினேன்; கேட்கவில்லை. கேள்வி கேட்பது என் இயல்பல்ல.

பத்தாம் நாள் கதவு மணி அடித்தது. இரண்டு பொலிஸார். தோட்டத்தில் ஒரு குழந்தையை நாள் முழுவதும் குளிரில் நிறுத்திவைத்திருப்பதாக அயலவர் யாரோ முறையிட்டிருந்தார்.

சித்தப்பா என்னை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "உன்ரை ஆளைத்தான் தேடி வந்திருக்கினம். கூட்டிக்கொண்டு போய்க் காட்டு."

அவர்களை அழைத்துச் சென்று தொப்பியைக் கழற்றினேன். தலை இருக்க வேண்டிய இடத்தில் நான்கு சுள்ளிகள். பெண் அதிகாரி ஓரடி பின்வாங்கினார்.

"அதுக்குக் குளிருமெண்டு..." என்று தமிழில் முனகினேன்.

"அப்ப ஏன் சப்பாத்துப் போடேல்லை?" என்றார் சித்தப்பா.

ஈரக் கோட்டுக்குள் மொட்டுகளெல்லாம் அழுகிப்போயிருந்தன. வசந்தத்தில் தர்சி குழந்தையோடு வந்தபோது பூத்திருந்தது, கோட்டின் கையால் வெளியே நீண்டிருந்த அந்த ஒற்றைக் கிளை மட்டுமே. குழந்தையை அதன் கீழே பிடித்துப் படம் எடுத்தோம். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது வெளியே கிளம்பினால், "கோட்டைப் போடாதை, பொலிஸ் வரும்," என்றுதான் வழியனுப்புகிறார்கள்.

படம் எடுத்த அன்றுதான் கேட்டேன். "சாடியை ஏன் சித்தப்பா திருப்பித் திருப்பி வைச்சனீங்கள்?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "நீயெல்லோ திருப்பினனீ எண்டு நினைச்சன்."

குடும்பக் கதையில் இந்தப் பகுதி இல்லை. எல்லாரும் சிரிக்கும்போது, சித்தப்பாவும் நானும் யன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்கிறோம்.