பாக்கியச் செடிக்கு மூன்று குடம்

விடிவதற்குள் வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். மருந்துக் கடைக்காரர் நிற்பார், வக்கீல் நிற்பார், அந்த வக்கீலை நம்பித் தோற்றவரும் நிற்பார். எல்லோருக்கும் பச்சை ஞானியின் பாக்கியச் செடி வேண்டும். சாம்பல் நிற இலை, ஊதாப் பூ. வாசலில் வைத்தால் செல்வம் கொழிக்குமாம். ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் இதே புதர் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அங்கே செல்வம் கொழித்ததாக இதுவரை தகவல் இல்லை.

ஞானி சொல்லும் பக்குவம் ஒன்றுதான். "தினமும் மூணு குடம் தண்ணி. பக்தியோட ஊத்தணும்."

ஊற்றினார்கள். செடி மஞ்சளாகி இலை கொட்டியது. அலறியடித்துக்கொண்டு ஞானியிடம் ஓடினார்கள். அவர் கண்ணை மூடுவார். காணிக்கை மேசையைத் தொட்டதும் திறப்பார்.

"வீட்டுல ஒரு ஆகாத கை இருக்கு. அதை வெளியே அனுப்பு. செடி தானா துளிர்க்கும்."

ஆகாத கை எதுவென்று தேட வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றிய கைதான். ஒரு வீட்டில் கணவனை இழந்த தங்கை வெளியேறினாள், இன்னொரு வீட்டில் சமையல்காரர். ஊற்ற ஆளில்லாமல் தண்ணீர் நின்றது. செடி பிழைத்துக்கொண்டது. "பார்த்தியா!" என்றது ஊர். பார்த்தார்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. யோசிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

எங்கள் எதிர்வீட்டுச் செடியும் ஒருநாள் மொட்டையானது. அங்கே குடம் தூக்கியவள் மருமகள். தையல் கடை வைத்திருப்பவள். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை.

"நீ கொஞ்ச நாள் உங்க அம்மா வீட்டுல இரும்மா" என்றார் மாமியார்.

"கொஞ்ச நாள்னா?"

"செடி துளிர்க்கிற வரைக்கும்."

"துளிர்த்துட்டா என் கை ஆகாதுன்னு முடிவாயிடும். அப்புறம் எப்படி அத்தை கூப்பிடுவீங்க?"

மாமியார் பெட்டியை எடுத்துவந்து வாசலில் வைத்தார். கணவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான். வார் நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஞானியின் வரிசையைத் தாண்டிப் போய் அவர் எதிரே நின்றாள்.

"என் கை ஆகாத கைதானே?"

"சந்தேகமே இல்ல" என்றார் ஞானி.

"உங்க கை?"

"அமுதக் கை!" என்று கூட்டம் முந்திக்கொண்டது.

"அப்போ ரெண்டு செடி குடுங்க. முடிதிருத்தும் கடை வாசல்ல, எல்லார் கண்ணு முன்னாடியும் வைப்போம். ஒண்ணை நான் தினமும் தடவிக்குடுக்கிறேன், தண்ணி ஊத்த மாட்டேன். இன்னொண்ணுக்கு உங்க கையால மூணு குடம் ஊத்துங்க."

"எனக்குத் தியானம் இருக்கே..."

"ஊத்துங்க சாமி! மரமாவே வளரட்டும்!" என்று கூட்டம் கூத்தாடியது. இப்படிப்பட்ட பக்தர்கள் இருந்தால் எதிரியே தேவையில்லை.

முதல் நாள் ஞானி ஒரு டம்ளரோடு வந்தார். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "எங்களுக்கு மூணு குடம்னுதானே சொன்னீங்க?" என்று குடத்தை அவரே நீட்டினார். அன்றிலிருந்து ஞானி தினமும் குடம் தூக்கினார். மருமகள் பக்கத்திலிருந்த தன் தையல் கடையிலேயே தங்கினாள். ஊர், தலையில் முடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தது.

மாதம் முடிவதற்குள் அமுதக் கையின் செடி மஞ்சளாகி மொட்டையானது. முடிதிருத்துபவர் அதை லேசாக இழுத்தார். கையோடு வந்தது. வேர் அழுகி நாறியது. பக்கத்தில் ஆகாத கையின் செடி பூத்துக் குலுங்கியது.

"யாரோ சூனியம் வச்சு..." என்று ஆரம்பித்தார் ஞானி.

"எங்க செடி வாடின சமயத்துல இவர் வீட்டு ஜன்னல் திரைக்கு அளவெடுக்கப் போயிருந்தேன்" என்றாள் அவள். "பின்பக்கம் கல்லு சரிவு முழுக்க இந்தச் செடிதான். குழாயும் இல்ல, குடமும் இல்ல. இது வறண்ட பூமியில வளர்ற புதர். தண்ணி அதிகமானா செத்துடும். தெரிஞ்சேதான் ஊத்தச் சொன்னார். செடி வாடினதும் ஊத்தறவங்களைத் துரத்தச் சொன்னார். தண்ணி நின்னா அது பிழைக்காம என்ன செய்யும்?"

தங்கையைத் துரத்திய மருந்துக் கடைக்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அழுதார். ஞானி கடைக்குள் புகுந்து பின்வாசல் வழியாக நழுவினார். நாலைந்து பேர் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

மாமியார் தையல் கடைக்குள் போய்ப் பெட்டியைத் தானே தூக்கிவந்தார். "தப்பு என்னுதும்மா. வா, வீட்டுக்குப் போகலாம்."

அவள் கிளம்புவதற்குள் வக்கீல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, ராசியான கைன்னா உன் கைதான்! எங்க வீட்டுச் செடியையும் வந்து ஒரு தடவை தொட்டுக் குடும்மா!" அவர் பின்னால் ஒரு வரிசையே உருவாகிவிட்டிருந்தது.

அவள் அந்த வரிசையைக் கடைசிவரை பார்த்தாள்.

"என் கையை விடுங்க சார். கழுத்துக்கு மேல உங்களுக்கு ஒண்ணு இருக்கே, அது முடி வெட்டிக்க மட்டும் இல்ல."