நடுவில் நின்றவர்

பெங்களூரில் அந்தக் காலத்தில் போட்டோ பிடித்தவர்கள் ஏராளம். ஆனால் பிடிப்பதற்கு முன்பே எதிரில் இருப்பவரைப் பாதி உயிராக்கிவிடும் வித்தை 'நேச்சுரல்' சார் ஒருவருக்குத்தான் கைவந்தது. ஆஸ்டின் டவுனில் ஸ்டுடியோ. சொந்தப் பெயர் என்னவென்று அவருக்கு வீடு வாடகைக்கு விட்டவருக்கே தெரியாது. "நேச்சுரலா இரு!" என்று அவர் போடும் அதட்டலில் கைக்குழந்தைகூட அட்டென்ஷனில் நிற்கும்.

ஐம்பதுகளில் நான் ஒரு தொழிற்சாலையில் கிளார்க். புது மெஷினுக்கு விளம்பரப் புத்தகம் போட முடிவாகி, படமெடுக்க அவரை அழைத்துவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நிஜத் தொழிலாளிகள்தான் படத்தில் நிற்க வேண்டும் என்றார் மேனேஜர்.

நிஜத் தொழிலாளிகள் மூன்று பேரும் கல்யாணக் கோட்டும் அரை டப்பா பவுடருமாக வந்து சேர்ந்தார்கள். மெஷினுக்குக்கூடச் சந்தனப் பொட்டு, கதம்ப மாலை.

"இது ஃபேக்டரியா, மாப்பிள்ளை அழைப்பாய்யா?"

நேச்சுரல் சார் மாலையை உருவினார். கோட்டுகளைக் கழற்றவைத்துக் காக்கிச் சட்டைக்கு மாற்றினார். மெஷின் எண்ணெயைத் தொட்டு மூன்று பேர் கன்னத்திலும் தடவினார். தனித்தனியாக எடுத்ததில் கண்ணைச் சிமிட்டியே, படம் பதியும் கண்ணாடி பிளேட்டுகளைத் தீர்த்தார்கள். மிச்சம் ஒன்றே ஒன்று. மூவரும் சேர்ந்து மெஷினை ஓட்டும் முக்கியமான படம் அதில்தான் எடுத்தாக வேண்டும். ராத்திரி ரயிலில் அது பம்பாய் அச்சகத்துக்குப் போக வேண்டும். கூரைக் கண்ணாடி வழியே விழுந்த வெயிலோ நகர்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் நடுவில் நின்ற முனுசாமி விலகினான்.

"மூணு பேரா போட்டோ எடுத்தா நடுவுல நிக்கறவன் போயிடுவான் சார். என் பொண்டாட்டி மாசமா இருக்கா."

"நாலாவதா ஒருத்தரைச் சேத்துக்கலாமே" என்றேன். மேனேஜர் என்னை முறைத்தார். மூன்றே ஆள் போதும் என்பதுதான் அந்த மெஷினின் பெருமையே!

"என்னய்யா இது? நிக்கறியா, இல்ல நாளையிலேர்ந்து வீட்லயே இருக்கியா?" என்றார் மேனேஜர், முனுசாமியிடம்.

நடுவில் வேறு யாராவது வருகிறீர்களா என்று மேனேஜர் கேட்டதற்கு ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள். வேலை போனால் முனுசாமி பிரசவத்துக்கு என்ன செய்வான்?

"முட்டாப் பசங்களா! இந்தக் காலத்துல இதையெல்லாம் நம்பிக்கிட்டு!"

நேச்சுரல் சார் கேமராவின் கறுப்புத் துணியை என் தோளில் வீசினார். முனுசாமியின் சட்டையை வாங்கித் தாமே மாட்டிக்கொண்டார். பொத்தான் தொப்பைக்கு எட்டவில்லை.

"நிஜத் தொழிலாளிதான் வேணும்னு..." மேனேஜர் இழுத்தார்.

"நான் என்ன பொம்மையா? தம்பி, நான் சொன்னதும் அந்த ரப்பர் பல்பை அமுக்கு, படம் விழும்!"

நடுவில் போய் நின்றார். ஊரையெல்லாம் நேச்சுரலாக இருக்கச் சொன்ன மனிதர், தூக்குமேடையில் ஏறியவர் மாதிரி விறைத்துப்போய் நின்றார். நான் அமுக்கினேன். அடுத்த நிமிஷம் வெயில் போய்விட்டது.

ஜட்கா வண்டியில் ஏறி உட்கார்ந்தார் நேச்சுரல் சார். குனிந்து மெதுவாகக் கேட்டார்: "ஏன் தம்பி, அது... சும்மா சொல்றதுதானே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்களும் நம்பறீங்களா? அப்புறம் ஏன் சார் நின்னீங்க?"

"அவனுக்குப் புள்ள பொறக்கப் போவுதுடா."

முனுசாமிக்குப் பெண் பிறந்தது. நேச்சுரல் சாரும் அதே அதட்டலோடு நன்றாகவே இருந்தார். ஆனாலும் அவர் தும்மினார் என்று காதில் விழுந்தால் போதும், நானும் முனுசாமியும் ஆஸ்டின் டவுனுக்கு ஓடுவோம்.

"என்னடா, இன்னும் இருக்கேனான்னு பாக்க வந்தீங்களா?" என்று கத்துவார்.

ஆமாம், அதற்காகத்தான் போனோம்.