பிளேஸ்டோவில் ஒரு கொயோட்டி வேட்டைக்காரர்

துப்பாக்கிகளைப் பற்றி லண்டன் மாநகரத்திலேயே அதிகம் தெரிந்த தமிழர் யார் என்று என்னைக் கேட்டால், வாழ்நாளில் ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்த்திராத கொயோட்டி அண்ணையைத்தான் சொல்வேன். துவக்கு என்பார் அதை, எங்கள் ஊர்ப் பேச்சில். கொயோட்டி என்பது கனடாப் பக்கத்து மிருகம். நரியை விடப் பெரிது, ஓநாயை விடச் சிறிது, ஆட்டுக்குட்டி என்றால் விடாது. இங்கிலாந்து முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒன்று கிடைக்காது. ஆனால் அதை எந்தத் துவக்கால், எந்தக் குண்டால், எந்தப் பக்கம் பார்த்து இருந்து சுட வேண்டும் என்று ஈஸ்ட் ஹாமில் ஒரு கடையின் இறைச்சி மேசைக்குப் பின்னால் நின்று இந்த மனிதர் ஓயாமல் பிரசங்கம் செய்தார். அதே கடையில் காசுப் பெட்டியில் நின்றவன் நான். அவரும் இன்னும் சில பெடியளும் வாடகைக்கு இருந்த அதே பிளேஸ்டோ வீட்டில் குடியிருந்தவனும் நான்தான். பட்ட வெட்கம் கொஞ்சமா?

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருடங்கள் அவை. அண்ணை ஜெர்மனியில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அகதிக் கேஸ் முடியவில்லை, நாட்டை விட்டு வெளியே போகப் பத்திரம் இல்லை. ஒரே தங்கை கனடாவில், ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு காணியில் ஆடு வளர்த்தாள். புருஷன் லொறி ஓட்டப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். கொயோட்டி வந்து குட்டிகளைத் தூக்குகிறது என்று அவள் ஒருநாள் போனில் அழுதாள். அண்ணைக்குப் போய் நிற்க வழியில்லை. நூலகத்துக் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய்க் குந்தினார். எழும்பி வரும்போது நிபுணராக வந்தார்.

அதன் பிறகு கடையில் இறைச்சி வாங்க வந்தவர்கள் பட்ட பாடு!

"அண்ணை, எலும்போட ஒரு கிலோ ஆடு தாங்கோ."

"இருபத்திரண்டு எண்டிற துவக்கு முயலுக்குச் சரி, அக்கா. கொயோட்டிக்குக் காணாது. காயத்தோட ஓடிப்போய் எங்கயாவது கிடந்து சாகும். பாவமெல்லே? இருநூற்றி இருபத்திமூண்டுதான் அளவு. காத்துப் பலமெண்டா இருநூற்றி நாப்பத்திமூண்டு. பத்தைக்குள்ள, கிட்டத்தில வருமெண்டா ஷாட்கன்."

"எனக்கு ஒரு கிலோ காணும் அண்ணை..."

"பொறுங்கோ, பிடிக்கிற விதத்தைக் காட்டுறன்."

ஒரு முழு ஆட்டுத் தொடையை எடுத்துத் தோளில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, தேங்காய்ப்பால் டின் அடுக்கைக் குறி பார்த்தார். அந்த அக்கா கூடையை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏதோ நான்தான் அவரைப் பெற்று வளர்த்து அங்கே கொண்டுவந்து நிறுத்தியதுபோல!

ரயில் இன்னும் மோசம். ஒரு பை தனியே கிடந்தாலே குண்டென்று ஜனங்கள் இறங்கி ஓடிய காலம் அது. இந்த மனிதர் டிஸ்ட்ரிக்ட் லைனில் தங்கையோடு உரத்துக் கதைத்துக்கொண்டு வருவார். துவக்கு என்று தமிழில் சொல்லித் தொலைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மாட்டார். ரயிலில் ஏறினால் அவருக்கு இங்கிலீஷ் வந்துவிடும். ரைஃபிள், புல்லட், ஸ்கோப் எல்லாம் சுத்தமாக விழும். எங்களைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி அடுத்த பக்கம் போவார்கள். நான் அவரைத் தெரியாதவன்போல அப்டன் பார்க்கிலேயே இறங்கி, மழையில் நனைந்துகொண்டு பிளேஸ்டோவுக்கு நடந்து போயிருக்கிறேன். "ஏன் தம்பி இறங்கினனீர்?" என்று வீட்டில் அக்கறையாக விசாரிப்பார்.

இதெல்லாம் போகட்டும். என் கலியாணப் பேச்சில் கைவைத்தாரே, அதைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஏற்கெனவே பேசிய இடங்கள் ஏதோ ஒரு சாக்கில் தவறிப்போயிருந்தன. இது சவுத்தாலில் இருந்து வந்த சம்பந்தம். பெண்ணின் படத்தைப் பார்த்த நாளில் இருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் பெண்ணின் தாயும் தகப்பனும் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். நான் அண்ணையின் காலில் விழாத குறை.

"அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். இண்டைக்கு மட்டும் கொயோட்டிக் கதை வேண்டாம்."

"என்ன தம்பி இது! வாயே திறக்கமாட்டன். நான் பின்வளவுக்குள்ள இருக்கிறன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் மனிதர். கதைக்கவே இல்லை.

பெண்ணின் தாய் பொரித்து வைத்த ரோல்ஸ் ஒன்றை எடுத்து ஒரு கடி கடித்திருப்பார். பின்பக்கத்தில் இருந்து ஒரு சத்தம் வந்தது. பச்சைக் குழந்தை வீரிட்டு அழும் சத்தம்.

"தம்பி, வீட்டில குழந்தைப்பிள்ளை இருக்கோ?"

"இல்லை அன்ரி. நாங்கள் எல்லாரும் தனிப் பெடியள்."

சத்தம் மறுபடியும் வந்தது, இந்த முறை விக்கி விக்கி. தாய் ரோல்ஸைத் தட்டில் வைத்தார். தகப்பனைப் பார்த்தார். தகப்பன் என்னைப் பார்த்தார்.

"ஒருத்தரும் கலியாணம் கட்டேல்லை எண்டெல்லோ புரோக்கர் சொன்னவர்?" என்றார் தகப்பன், நிதானமாக.

என்ர கடவுளே! முகம் பற்றி எரிந்தது. நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் எழும்பிக் குசினியைத் தாண்டிப் பின்கதவைத் திறந்துவிட்டார். நானும் பின்னால் ஓடினேன்.

பின்வளவில் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே, கறுப்புக் குப்பைப் பையைத் தலையால் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியில் அண்ணை குந்தியிருந்தார். மடியில் துவக்குக்குப் பதிலாக வளவு கூட்டுகிற தும்புத்தடி. வாயில் ஒரு ஊதுகுழல். காயம்பட்ட முயலைப்போலக் கத்தினால் கொயோட்டி தேடி வரும் என்பதுதான் முறையாம். காற்று நம் முகத்தில் அடிக்கும்படி இருந்தால் அது மணம் பிடிக்காதாம். எங்கோ சொல்லி எடுப்பித்த அந்த ஊதுகுழல் அன்று காலைதான் தபாலில் வந்திருந்தது. பிளேஸ்டோவில் கொயோட்டி இல்லாததால் உள்ளூர் நரியில் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், வேலிக்குக் கீழே மெய்யாகவே ஒரு நரி வந்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"உஸ்ஸ்! அசையாதேங்கோ," என்று கிசுகிசுத்தார். முகமெல்லாம் சந்தோஷம். "முறை சரி!"

பெண்ணின் தகப்பன் அசையவில்லை. நான் செத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அண்ணையின் போன் அடித்தது. நரி பாய்ந்து மறைந்தது. அண்ணைக்குப் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பழக்கம். தங்கையின் குரல் வளவு முழுக்கக் கேட்டது.

"அண்ணா, லைசென்ஸ் வந்திட்டுது. கடையில நிக்கிறன். நீங்கள் சொன்ன இருநூற்றி இருபத்திமூண்டு இருக்கு. எடுக்கட்டோ?"

இந்த ஒரு கேள்விக்காகத்தானே இத்தனை காலமும் ஈஸ்ட் ஹாமையே வதைத்தார்! அண்ணை ஊதுகுழலை வாயில் இருந்து எடுத்தார். மடியில் கிடந்த தும்புத்தடியை நிலத்தில் வைத்தார்.

"அண்ணா?"

"பிள்ளை... கழுதை ஒண்டு வாங்கு."

"என்னது?"

"கழுதை. ஆடுகளோட விட்டால் கொயோட்டியைக் கண்டவுடன கத்திக் கலைச்சு உதைக்குமாம். அதையும் வாசிச்சனான்."

"ரெண்டு வருசமாத் துவக்கு, துவக்கு எண்டு சொல்லிப்போட்டு?"

"ஓம், சொன்னனான். எனக்கு வேற என்ன செய்ய ஏலும், அங்க வர ஏலாமக் கிடக்கேக்க?" தலையில் கிடந்த பையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார். "துவக்குக்குப் பயந்துதானே பிள்ளை நாங்கள் வீட்டை விட்டு ஓடினனாங்கள். நீ தனிய இருக்கிற வீட்டில அதை ஒண்டு கொண்டுபோய் வை எண்டு என்ர வாயால சொல்ல ஏலாமக் கிடக்கு. வெக்கமாத்தான் கிடக்கு. அண்ணாவை ஏசாதை."

பிறகு அவள் சொன்னாள்: "கையில தூக்கிப் பாத்தனான் அண்ணா. உடன திருப்பி வைச்சிட்டன். நீங்கள் சொன்னதெண்டுதான் வாங்க வந்தனான்." மூக்கை உறிஞ்சினாள். "கழுதை எங்க விக்கும்?"

"அதை நான் பாத்துச் சொல்றன்," என்றார் நிபுணர்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியவர் அப்போதுதான் என் பக்கத்தில் நிற்பது யார் என்பதை உணர்ந்தார். குப்பைப் பையோடு எழும்பி நின்று, தலையைத் தொங்கப்போட்டார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. இதில தம்பியில ஒரு பிழையும் இல்லை. வீட்டில குழந்தையும் இல்லை."

பெண்ணின் தகப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க நெடுநேரம் எடுத்தது. பிறகு என்னிடம் திரும்பினார்.

"இவர் உமக்கு என்ன முறை, தம்பி?"

மேல் அறையில் வாடகைக்கு இருக்கிறார், ஐயா, அவ்வளவுதான் என்று சொல்வதற்கு எனக்கு ஆயிரம் காரணங்கள் இருந்தன.

"என்ர சொந்த அண்ணை," என்றேன்.

அந்தப் பெண்ணோடு கலியாணமாகி இத்தனை வருடங்கள் போய்விட்டன. சவுத்தாலில் இன்றைக்கும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். என் பிள்ளைகள் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறார்கள். நான் ஒருவரையும் திருத்தப் போகவில்லை.