மாமாவின் சர்க்கரையும் என் கல்விக்கடனும்

கடன் வாங்கிப் படித்தவனைவிட, அவனுக்கு ஜாமீன் போட்டவர்தான் அதிகம் படிக்க வேண்டியிருக்கிறது. பேங்க் அனுப்பும் கடிதங்களைச் சொல்கிறேன். மூன்று வருடம் மைக்ரோபயாலஜி படித்து நான் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில், பெயரில் 'பயாலஜி' ஒட்டிக்கொண்டிருந்த எந்தப் படிப்புக்கும் எங்கள் பக்கத்தில் தனி மரியாதை. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம், "படிச்சு முடிச்சா கம்பெனிக்காரங்க வாசல்ல வந்து நிப்பாங்கப்பா" என்று சொன்னேன். (வந்து நின்றார்கள். பேங்கிலிருந்து.)

ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அம்மாவின் அண்ணன். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் கிளார்க். எனக்கு வேலை கிடைத்தது திருவண்ணாமலையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில். சம்பளம் ஆயிரத்து எண்ணூறு, கடன் தவணை ஆயிரத்து நானூறு. பாக்கி நானூறு ரூபாயில் நான் விஞ்ஞானியாக வாழ வேண்டும். மூன்று மாதம் வாழ்ந்து பார்த்தேன். நாலாவது மாதம் தவணையை நிறுத்திவிட்டேன். கடிதங்கள் மாமாவின் ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தன.

"டேய், செக்ஷன்ல எல்லாரும் படிச்சிட்டாங்கடா. எனக்குத்தான் கடைசியா குடுத்தாங்க" என்றார் மாமா. அவர் திட்டியிருந்தால் தேவலை.

அப்போதுதான் லேப் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. பௌர்ணமி கிரிவலத்தன்று செங்கம் ரோட்டில் மேஜை போட்டு இலவச சர்க்கரைப் பரிசோதனை. எண் ஜாஸ்தியாக வந்து, மறுநாள் லேபுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் எனக்குப் பத்து ரூபாய். ஊரில் சர்க்கரை ஏற ஏற என் கடன் இறங்கும். (எழுதும்போதே கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.)

மாலை ஆறு மணி இருக்கும். ஆபீஸ் விட்டு நேராகக் கிரிவலம் கிளம்பிய மாமா, வெறுங்காலோடு மேஜைக்கு முன் வந்து நின்றார்.

"இன்னாடா, ஓசியாமே? எனக்கும் ஒண்ணு பாரு."

நான் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு விரல் நுனியில் ஒரு ஒத்து ஒத்தினேன், குத்தினேன். மெஷினில் 438.

"எவ்ளோடா?"

இதை மெதுவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். படித்தவன் அல்லவா, சத்தமாகவே சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். ஒரு அம்மா மாமாவைப் பார்த்து, "ஐயோ, எங்க வீட்டுக்காரருக்கு முந்நூறுலயே கால் விரலை எடுத்துட்டாங்க" என்று ஆறுதல் சொன்னார். மாமா தன் கால் விரல்களைக் குனிந்து பார்த்தார். பிறகு கிரிவலத்தைத் தொடராமல் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை வெறும் வயிற்றோடு லேபுக்கு வந்தார். முறையாக ரத்தம் எடுத்து, முறையாகப் பார்த்தேன். 92. மெஷின் கோளாறோ என்று திரும்பவும் பார்த்தேன். 92. பிறகுதான் உறைத்தது. கிரிவலப் பாதையில் ஐம்பதடிக்கு ஒரு அன்னதானம். தொன்னையில் சர்க்கரைப் பொங்கலை வாங்கி, விரலை நக்கி, வேட்டியில் துடைத்துக்கொண்டு நடப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். நான் அளந்தது மாமாவின் ரத்தத்தை அல்ல, யாரோ புண்ணியவான் போட்ட பொங்கலை. ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும், வெல்லத்தைக் கொல்லாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வை என்பது எந்தப் புத்தகத்திலும் முதல் பாடம்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வேங்கிக்காலில் மாமா வீட்டுக்கு ஓடினேன். மாமா அப்போதுதான் பேங்கிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உன் கடனைக் கட்டிட்டேன்டா. மாடி ரூமுக்குன்னு போட்டிருந்த டெபாசிட்டை உடைச்சிட்டேன். ஜாமீன்காரன் போய்ட்டா, நாளைக்கு உங்க அத்தையைத்தான வந்து கேப்பாங்க?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவும் செய்தேன்.

"ரிசல்ட் இன்னாடா ஆச்சு?" என்றார் மாமா.

"கம்மியாதான் இருக்கு மாமா. வாயைக் கட்டினா போதும்."

ரிப்போர்ட் என் பாக்கெட்டிலேயே இருந்தது. உண்மையைச் சொன்னால் பணத்தைத் திரும்பக் கேட்டுவிடுவாரோ என்ற பயம். அவர் கேட்டிருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் மோசம்.

மாமா வாயைக் கட்டினார். ஒன்றரை வருடம். காபியில் சர்க்கரை இல்லை. பொங்கலன்று பொங்கல் இல்லை. நடுவில் அவருடைய ஒரே பெண் கீதாவுக்குக் கல்யாணம். ஜாங்கிரி வாளியோடு பந்தியில் வந்தவன் நான். மாமா இலைமேல் கையை விரித்து, "எனக்கு வேணாம்டா, நீ சொன்னதாச்சே" என்றார். நான் அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டேன்.

கண்புரை ஆபரேஷனுக்குப் போன இடத்தில்தான் குட்டு உடைந்தது. "உங்களுக்குச் சர்க்கரைன்னு யாருங்க சொன்னது?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். கண்ணில் கட்டோடு நேராக லேபுக்கு வந்தார் மாமா. எல்லாவற்றையும் சொன்னேன். பணத்தை மாதாமாதம் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"பணத்தைத் தூக்கிக் குப்பையில போடு! என் பொண்ணு கல்யாண ஜாங்கிரிடா! அதை எப்படிடா திருப்பிக் குடுப்ப?"

பணத்தை ஆறு வருடத்தில் அடைத்தேன். அதற்குள் கம்பி விலையும் சிமெண்ட் விலையும் ஏறி, மாடி ரூம் கட்டப்படவே இல்லை. ஜாங்கிரிக்கு அத்தை ஒரு ஏற்பாடு செய்தார். குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் மாமா இலையில் நான்தான் ஜாங்கிரி வைக்க வேண்டும். ஒன்று அசல், ஒன்று வட்டி. ஊரே பார்த்துச் சிரிக்க, பதினைந்து வருடம் வைத்துக்கொண்டே வந்தேன்.

போன வருடம் மாமாவுக்கு நிஜமாகவே சர்க்கரை வந்துவிட்டது. கீதாவின் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு; பழக்கதோஷத்தில் இரண்டு ஜாங்கிரியோடு போய் நின்றேன். மாமா என்னையும் ஜாங்கிரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இலையை மூடினார்.

"போதும்டா. தள்ளுபடி" என்றார்.

பக்கத்து இலையில் இருந்த கீதா விடவில்லை. "தள்ளுபடின்னு சொல்லாதப்பா, இது தலைநிமிந்து நடக்கும். வராக்கடன்னு எழுதிக்கோ."

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர். போனில் என் நம்பரையும் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறார்களாம். நான் கூப்பிட்டால் குழந்தைகள் ஓடிப்போய்ச் சொல்கின்றன: "தாத்தா, வராக்கடன் கூப்பிடுது!"