விழிப்புணர்வோடு நிற்பது எப்படி

“சார், உட்கார ஒரு ஸ்டூல் வேணும்.”

தி.நகரில் மனித குலம் முறைப்படி நிற்கக் கற்றுக்கொண்ட வரலாறு இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. சொன்னவள் நிலா. பி.காம்., பெரும்பாக்கத்துக் குடியிருப்பில் அவள் வீட்டின் முதல் பட்டதாரி, ஐந்து மாடி ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவு. சேர்ந்த அன்றே மேலாளர் கோதண்டபாணி தெளிவாகச் சொல்லியிருந்தார்: “லீவு கேளு, ஷிஃப்ட் மாத்தக் கேளு. ஸ்டூல் மட்டும் கேக்காத.”

அவள் கேட்டது பக்கத்துக் கவுண்ட்டர் பொன்மணி அக்காவுக்காக. பதினாலு வருஷம் நின்றதில் அக்காவின் கெண்டைக்காலில் நரம்பு கயிறாய்ச் சுருண்டு புடைத்திருந்தது. இனி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது.

நிர்வாகத்துக்கு இரக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உட்காரும் உரிமைச் சட்டம் வந்த கையோடு நாற்பது ஸ்டூல் வாங்கிய கடை அது. அவை குடோனில், பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல், லேபர் ஆபீஸ் ஆய்வாளர் வருகிற நல்ல நாளுக்காகக் காத்திருந்தன. இப்போது நிர்வாகம் ஸ்டூலைவிட உயர்ந்த ஒன்றைத் தரத் தீர்மானித்தது. அடையாறிலிருந்து ‘உடல்விழிப்பு’ நிபுணர் சுலோச்சனா மேடம்.

செவ்வாய்க்கிழமை காலை, கடை திறக்குமுன், மூன்றாம் மாடி. மேடம் குஷன் நாற்காலியில் அமர்ந்து, நின்றுகொண்டிருந்த நாற்பது பெண்களுக்கு நிற்கச் சொல்லித்தந்தார்.

“வலி கால்ல இல்லம்மா. நிக்கிற பழக்கத்துல இருக்கு.”

“கரெக்டு மேடம்,” என்றாள் பொன்மணி. “பதினாலு வருஷப் பழக்கம்.”

“கழுத்தைத் தளர்த்துங்க. தலை தானா மேலே மிதக்கட்டும்.”

“தலை மிதக்குது மேடம். காலுதான் இங்கயே கீது.”

மேடம் சிரிப்பை அனுமதிக்கவில்லை. “கண்ணை மூடுங்க. உடம்பு என்ன சொல்லுதுன்னு கவனிங்க. அது சொல்றதை மறுக்காம செய்யுங்க.”

நாற்பது பேரும் கண்ணை மூடினார்கள். கவனித்தார்கள். நாற்பது பேரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

கோதண்டபாணி ஓடிவந்தார். “எந்திரிங்க. உடம்பா பேசுது? கொழுப்பு பேசுது.”

“பழகாத உடம்பு முதல்ல தப்பாத்தான் சொல்லும்,” என்று மேடம் அறிவியல்பூர்வமாக விளக்கினார்.

முப்பத்தொன்பது பேர் எழுந்தார்கள். பொன்மணி கவுண்ட்டரைப் பிடித்து இரண்டு முறை முயன்று, மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

“முடியலன்னா நாளைலேர்ந்து வர வேணாம்மா,” என்றார் கோதண்டபாணி, மிகுந்த மரியாதையோடு.

நிலா குடோனுக்குப் போனாள். உறையோடு அடுக்கியிருந்த ஸ்டூல்களைப் போனில் நாலு படம் எடுத்தாள். ஒன்றைத் தூக்கி வந்து, எல்லார் முன்னாலும் பிளாஸ்டிக்கைக் கிழித்து, அக்காவைக் கைகொடுத்துத் தூக்கி அதில் உட்காரவைத்தாள். பையை மாட்டினாள்.

“இன்னாடி பண்ற?” என்றாள் பொன்மணி.

“நீ உக்காந்துகினு இரு அக்கா.”

“எங்கம்மா போற?” கோதண்டபாணி வழியை மறித்தார்.

“உடம்பு லேபர் ஆபீசுக்குப் போகச் சொல்லுது சார். மறுக்கக் கூடாதுன்னு மேடம்தான் சொன்னாங்க.”

அவரைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள். போகிறவளின் முதுகையே பார்த்துப் பூரித்துப்போன மேடம், நிர்வாகத்துக்கான அறிக்கையில் எழுதினார்: ‘ஒரே வகுப்பில் ஒரு பெண் முழுமையாக நிமிர்ந்துவிட்டாள்.’

உட்கார்ந்துதான் எழுதினார்.