சம்பந்தியின் நண்பருக்கு ஒரு துப்பாக்கி

2025 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இன்னும் தொடங்கவில்லை, காரைக்கால் கோவில்பத்தில் ஒரு தென்னங்கீற்றுகூட அசையவில்லை. அந்தப் புழுக்கத்தில், துப்பாக்கியில் தோளில் ஊன்றும் கட்டை மரமாக இருந்தால் நல்லதா, கார்பனாக இருந்தால் நல்லதா என்ற வினாவுக்கு மைக்கேல்ராஜ் விடை சொல்ல வேண்டியிருந்தது.

வினாவைக் கேட்டவர் பிரான்சில் இருந்தார். கைப்பேசித் திரையின் ஒரு பாதியில் மைக்கேல்ராஜின் மகள் ஜூலியட்; மறுபாதியில் அவளுடைய மாமனார் முசியே பெர்னார், எதையோ மென்றுகொண்டு.

“அப்பா, மாமா அவரோட பிரெண்டு ஒருத்தருக்குத் துப்பாக்கி வாங்கித் தர்றாராம். காட்டுப்பன்னி வேட்டைக்கு. ரொம்ப லேசான துப்பாக்கி. போல்ட்ட இழுத்து இழுத்து ஒவ்வொரு குண்டா சுடுறது. அதுல என்னென்ன மாத்திப் போட்டா நல்லாருக்கும்னு நீங்கதான் சொல்லணுமாம்.”

“நானா?”

“நீங்கதானேப்பா குறி பாத்துச் சுடுற சொல்தா. என் கல்யாணத்துல அவர்கிட்ட நீங்களே சொன்னீங்க.”

சொல்லியிருந்தார். பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி, பிரெஞ்சு ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியவர்களைக் காரைக்காலில் சொல்தா என்பார்கள். மைக்கேல்ராஜும் சொல்தாதான்; அதில் பொய்யில்லை. பயிற்சியின்போது அவர் மூன்று குண்டுகள் சுட்டார். மூன்றும் எங்கே போயின என்பது இன்றுவரை தெரியவில்லை. வலத்தோள் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது மட்டும் தெரிந்தது. மறுநாளே அவரைச் சமையற்கூடத்துக்கு மாற்றினார்கள். அதன்பின் பணி முடியும்வரை பிரெஞ்சு இராணுவம் அவரை உருளைக்கிழங்குக்கு எதிராக மட்டுமே நிறுத்தியது.

இந்த வரலாற்றை முழுமையாக அறிந்தவர் அவருடைய மனைவி லூர்தம்மாள் ஒருவரே. ஊருக்குத் தெரிந்தது வேறு வரலாறு. அதைக் காரைக்காலின் எல்லையிலுள்ள பூவம்வரை கொண்டுசேர்த்தவர், விசேஷங்களுக்கு நாற்காலியும் பாத்திரமும் வாடகைக்கு விடும் மீரா சாகிப். நாள்தோறும் நான்கு மணிக்குத் தேநீர் குடிக்க வருவார், அன்றும் வந்திருந்தார், கைப்பேசிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சொல்லு சொல்தா,” என்றார் மீரா சாகிப். “வெள்ளக்காரன் உங்கிட்ட கேட்டு நிக்கிறான். இந்த ஊருக்கே பெருமை.”

மைக்கேல்ராஜ் கண்களைச் சற்று மூடினார். எது கனமானது, எது இலேசானது என்பதைத் தவிர அவருக்கு எதுவும் புரியவில்லை.

“லேசானது எதுவோ அதப் போடச் சொல்லும்மா. காட்டுல நடக்கிறவனுக்குச் சுமை கூடாது.”

ஜூலியட் பிரெஞ்சில் சொன்னாள். முசியே பெர்னார் மெல்வதை நிறுத்திவிட்டு, மார்பில் கைவைத்துத் தலை வணங்கினார்.

இத்துடன் முடிந்துவிட்டது என்று மைக்கேல்ராஜ் எண்ணினார். புதன்கிழமை அதே நான்கு மணிக்கு மீண்டும் அழைப்பு வந்தது.

“அப்பா, கடைக்காரர் ஒண்ணு சொல்றார். துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவுக்குத் தோள்ல உதைக்குமாம். பின்னால ரப்பர் மெத்த ஒண்ணு வச்சுக்கலாமாம். வைக்கவா?”

மைக்கேல்ராஜின் வலத்தோள் அந்த வாக்கியத்தை அவருக்கு முன்பே புரிந்துகொண்டது. “வை” என்று சொல்ல வாயைத் திறந்தார்.

“மெத்தையா?” என்று மீரா சாகிப் சிரித்தார். “வாங்கிக்கப்போறது யாரும்மா, ஆம்பளையா, கைக்கொழந்தையா?”

“அவரும் பழைய சிப்பாய்தானாம் மாமா.”

“கேட்டியா சொல்தா? சிப்பாயாம். நீ அந்தக் காலத்துல வெறுந்தோள்லயே ஒரு நாளைக்கு நூறு குண்டு சுட்டேன்னு சொல்லுவியே. அதச் சொல்லு.”

அடுக்களையிலிருந்து லூர்தம்மாள் இருமினார். அவருக்குச் சளி இல்லை.

“மெத்தை வேண்டாம்மா,” என்றார் மைக்கேல்ராஜ். “சிப்பாய்க்கு மெத்தை குடுத்தா அவமானம்.”

முசியே பெர்னார் இரண்டாம் முறை தலை வணங்கினார். பிறகு ஏதோ கேட்டார்.

“நீங்க துப்பாக்கிய எப்படிப் புடிப்பீங்கன்னு பாக்கணுமாம்ப்பா. ஒரே ஒரு தடவ.”

வீட்டில் நீளமாக இருந்த பொருள் ஒட்டடைக்கம்பு ஒன்றே. மைக்கேல்ராஜ் அதை எடுத்துத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, நிலைப்படியைக் குறிபார்த்தார். வைத்தது இடத்தோளில். அது அவர் எடுத்த முடிவன்று, வலத்தோள் மறுத்துவிட்டது. கம்பின் மறுமுனை குழல்விளக்கைத் தொட்டது. விளக்கு ஒரு முறை கண்சிமிட்டிவிட்டுத் தரைக்கு வந்தது.

திரையில் முசியே பெர்னார் எழுந்து நின்று கைதட்டினார்.

“இடது கைக்காரரான்னு கேக்குறார்ப்பா. ரொம்ப அபூர்வமாம். அப்ப போல்ட்டையும் இடது பக்கமா வச்சுடலாங்கிறார்.”

“அந்த ஆளும் இடது கையா?” என்று மைக்கேல்ராஜ் கேட்டார்.

ஜூலியட் மாமனாரைக் கேட்டாள். அவர் உறுதியாகத் தலையசைத்தார். “அப்படித்தானாம்ப்பா.”

“நல்ல சுடுகாரன் எல்லாம் இடது கைதான்,” என்று மீரா சாகிப் தம் சொந்தப் பொறுப்பில் ஒரு கருத்தை வழங்கினார்.

கண்ணாடித்துண்டுகளைப் பெருக்கியபடி லூர்தம்மாள் சொன்னார்: “எதையும் நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் வருத்தப்படாதீங்க.”

“நான் எதுக்கு வருத்தப்படணும்? தோளு அவனுது.”

“சரிங்க,” என்றார் லூர்தம்மாள்.

ஆனால் வருத்தம் வரத்தான் செய்தது. முகம் தெரியாத அந்தப் பழைய சிப்பாயை மைக்கேல்ராஜால் மறக்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால், குழம்பில் கிடந்த கத்தரிக்காய் அந்த மனிதரின் தோளாகத் தெரிந்தது. தம் பெருமைக்கு ஓர் ஊனமும் வராமல் அவருடைய தோளைக் காப்பாற்ற வேண்டும். குளியலறைக்குள் கைப்பேசியுடன் சென்று, ஒலியைக் குறைத்து வைத்து, துப்பாக்கிகளைப் பற்றிய காணொளிகளை ஆராய்ந்தார். துப்பாக்கிக் குழலின் முனையில் துளைகளிட்ட குப்பி ஒன்றைத் திருகினால் உதை பாதியாகக் குறையும் என்று அறிந்தார். வெளியே வந்ததும் தாமே மகளை அழைத்தார்.

“முனையில ஒரு குப்பி வப்பாங்கம்மா. அத வைக்கச் சொல்லு. உதைக்காக இல்ல; குறி துல்லியமா இருக்கும்.”

அரைமணி நேரத்தில் ஜூலியட் திரும்ப அழைத்தாள். அதற்குள் நான்கு மணியாகி, மீரா சாகிப் வந்துவிட்டார்.

“குப்பி வச்சா உதை குறையுமாம்ப்பா. ஆனா சத்தம் காதக் கிழிச்சுடுமாம். காதுக்கு மூடி ஒண்ணும் சேத்து வாங்கணுமாம்.”

“வாங்கச் சொல்லு, வாங்கச் சொல்லு,” என்றார் மைக்கேல்ராஜ் நிம்மதியுடன்.

மீரா சாகிப் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். “காத மூடிக்கிட்டா, பன்னி பின்னால வர்றது எப்படிக் கேக்கும்?”

வாதத்தில் பிழையில்லை. ஜூலியட் அதை மொழிபெயர்த்தாள். முசியே பெர்னார் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். முப்பது ஆண்டு வேட்டையில் இப்படி ஒரு கோணத்தில் தாம் சிந்தித்ததே இல்லை என்றார். குப்பி இருக்கட்டும், மூடி வேண்டாம்.

“நீதானே இதச் சொல்லச் சொன்ன சொல்தா?” என்று மீரா சாகிப் பெருந்தன்மையாகப் புகழை விட்டுக்கொடுத்தார்.

மைக்கேல்ராஜ் மீண்டும் குளியலறைக்குச் சென்றார். கனமான துப்பாக்கி குறைவாக உதைக்கும் என்பது அடுத்த கண்டுபிடிப்பு. கனத்தைக் கூட்ட வேண்டும். இலேசான கட்டையைப் பரிந்துரைத்தவரும் தாமே என்பதால் அதைத் தொட முடியாது. தொலைநோக்கிபோல் மேலே பொருத்தும் குறிநோக்கி மிஞ்சியிருந்தது. கடையில் இருப்பதிலேயே பெரியதைப் பொருத்தச் சொன்னார்.

ஜூலியட்டின் குரலில் முதல்முறையாகத் தயக்கம் தெரிந்தது. “கடைக்காரர் பயப்படுறார்ப்பா. அவ்வளவு பெரிசு வச்சா அது கண்ணுகிட்ட வந்துடுமாம். உதைக்கிறப்ப அதோட விளிம்பு புருவத்துல அடிக்குமாம். நெத்தியில அரைவட்டமா ஒரு தழும்பு விழுமாம்.”

“அப்ப சின்னதா…”

அதற்குள் முசியே பெர்னார் திரைக்கு அருகில் வந்து, தம் வலப்புருவத்தில் இருந்த அரைவட்டத் தழும்பைப் பெருமையுடன் தொட்டுக் காட்டினார்.

“தழும்பு இல்லாதவன் வேட்டைக்காரனே இல்லையாம்ப்பா. உங்க முடிவு சரிதானாம். பெரிசையே போடச் சொல்லிட்டார்.”

அழைப்பு முடிந்தது. லூர்தம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்து நின்றார்.

“தோளு போச்சு. காது போச்சு. இப்பப் புருவமும் போச்சு. அந்த ஆளுகிட்ட மிச்சம் என்னங்க இருக்கு?”

“லூர்து, நான் நல்லதுதான் நெனைக்கிறேன். ஒவ்வொண்ணும் தப்பா போய் முடியுது.”

“நான் அங்க உருளைக்கிழங்கு சீவிக்கிட்டு இருந்தேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. எல்லாம் சரியாயிடும்.”

மைக்கேல்ராஜ் அந்த யோசனையை நேர்மையாக எடைபோட்டார். ஒரு தட்டில், யாரோ ஒருவரின் தோள், காது, புருவம். மறுதட்டில், சம்பந்தியின் இரண்டு தலைவணக்கங்கள், மீரா சாகிப், பூவம்வரை பரவிய புகழ். தட்டு அசையவே இல்லை.

“பேரனோட ஞானஸ்நானத்துக்கு டிசம்பர்ல அங்க போறோம்,” என்றார். “சம்பந்தி மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

லூர்தம்மாள் பயணப்பெட்டியை இழுத்து, கம்பளிகளுக்கு நடுவே வலித்தைலம் இரண்டு புட்டிகளை வைத்தார்.

“அது யாருக்கு?”

“குளிர்ல மூட்டு வலிக்கும்ல.”

தீபாவளி முடிந்த வாரக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. இடக்கைத் துப்பாக்கியைத் தனியாகச் செய்யவேண்டும், செய்தபின் திருப்பி எடுக்க முடியாது. ஆகவே தேர்வு செய்தவரின் கையெழுத்து வேண்டும் என்று கடைக்காரர் ஒரு தாள் அனுப்பியிருந்தார். ஜூலியட்டின் தோழி விஷ்ணுப்ரியா, பிரான்சில் ஜூலியட் இருக்கும் ஊரிலேயே வேலை பார்ப்பவள். தீபாவளிக்குச் சுரக்குடியில் பெற்றோர் வீட்டுக்கு வந்தவள், அன்று மாலை புறப்படுகிறாள். கையெழுத்திட்ட தாளை அவளே கொண்டுபோவதாக ஏற்பாடு.

தாளில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு படம் இருந்தது. படத்துக்கு எதிரே ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு கட்டங்கள். இதில் மைக்கேல்ராஜுக்கு ஒரு வழி புலப்பட்டது. உறையை ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள்? சம்பந்தி பின்னால் கேட்டால், கடைக்காரரின் தவறு. காலையிலேயே எல்லாவற்றையும் சொன்னபடி நிரப்பினார். ரப்பர் மெத்தைக்கு மட்டும் ‘வேண்டும்’ என்ற கட்டத்தில் சரியென்று குறியிட்டுக் கையெழுத்திட்டார். பல நாள்களுக்குப் பிறகு அவருடைய நெஞ்சு இலேசானது.

பசையைத் தேடி உள்ளே சென்று திரும்பும்போது, மீரா சாகிப் நனைந்த குடையுடன் நடுவீட்டில் நின்று தாளை வெளிச்சத்தில் பிடித்திருந்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. படம் தெரிந்தது.

“சொல்தா, இது அந்த மெத்ததானே?”

“எது?”

“இந்தா. இதுக்கு நேரா சரின்னு போட்டுருக்க.”

“போட்டுருக்கா?”

“போட்டுருக்கே.”

மைக்கேல்ராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிறர் செய்த குற்றத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“கை தவறிடுச்சு பாய்.”

“அதானே. நான் மட்டும் பாக்கலேன்னா ஒரு சிப்பாயோட மானம் போயிருக்கும்.” மீரா சாகிப் தம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினார். “அடிச்சுட்டுப் பக்கத்துல சின்னதா ஒரு கையெழுத்தும் போடு. இல்லாட்டிச் செல்லாது.”

மைக்கேல்ராஜ் அடித்தார். ‘வேண்டாம்’ என்ற கட்டத்தில் குறியிட்டார். திருத்தத்துக்கு அருகில் சுருக்கொப்பம் இட்டார். அவர் பேனாவை அழுத்திப் பிடித்ததை மீரா சாகிப் வீரத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டார். உறையை ஒட்டியவரும் மீரா சாகிபே.

நான்கு மணிக்கு விஷ்ணுப்ரியா வந்தாள். வாசலில் கார் காத்திருந்தது. லூர்தம்மாள் முறுக்கும் நெத்திலிக் கருவாடும் தனித்தனிப் பொட்டலங்களாகக் கொடுத்தார். மைக்கேல்ராஜ் உறையை இரு கைகளாலும் ஏந்தி நீட்டினார். கொடுத்தபின்னும் ஒரு கணம் விடவில்லை. விஷ்ணுப்ரியா மெல்ல இழுத்துக்கொண்டாள்.

“பத்திரமாக் கொண்டுபோய்க் குடும்மா,” என்றார். பிறகு, தாங்கமாட்டாமல் கேட்டார்: “அந்த ஆள நீ பாத்திருக்கியா? தோளு கீளு கொஞ்சம் பலமா இருக்குமா?”

விஷ்ணுப்ரியா உறையைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, அதிலிருந்து தையற்காரர் அளவுநாடா ஒன்றை எடுத்து விரித்தாள்.

“கொஞ்சம் நேரா நில்லுங்க அங்கிள், துப்பாக்கிக்கு உங்க கை நீளத்த அளந்துட்டு வரச் சொன்னாங்க; டிசம்பர்ல நீங்க வந்து எறங்குனதும் மொத குண்டு உங்க கையாலதான் சுடணும்னு பெர்னார் அங்கிள் ஊரையே கூப்புட்டு வச்சிருக்காரு.”