கிரின்ஸ்டெட் தியேட்டரில் ஒரு விசில்

விசிலடிக்கத் தெரிந்தவனைச் சபையில் உட்கார வைப்பது ஆபத்து. மற்றவர்களுக்குச் சந்தோஷம் வந்தால் கை தட்டுவார்கள். அவனுக்கோ விரல்கள் தாமாகவே வாய்க்குள் போய்விடும். நான் அந்த வகை. யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களின் கலரியில், அதாவது திரையை அண்ணாந்து பார்க்கும் மலிவு இருக்கைகளில், முறையாகப் பயின்றவன். டென்மார்க்குக்கு வந்தபிறகு அந்த வித்தைக்கு வேலையே இருக்கவில்லை. (ஹோர்சன்ஸ் தொழிற்சாலையில் யாருக்கு விசிலடிப்பது? முதலாளிக்கா?)

சில வருடங்களுக்கு முன் எங்கள் மகள் மதுரா, மிக்கெல் என்ற டெனிஷ் பையனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். வழக்கமான முகத்தைத் தூக்கிவைத்தல் எல்லாம் முடிந்து நாங்களும் சம்மதித்தோம். மிக்கெலின் அப்பா யென்ஸ் எங்களை முதன்முதலாகச் சந்திக்க அழைத்தது வீட்டுக்கல்ல, தியேட்டருக்கு. கிரின்ஸ்டெட்டுக்குப் பக்கத்தில், ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் முறைவைத்து நடத்தும் சின்னத் தியேட்டர் அது. படம் ஓட்டுவது யென்ஸ். மனைவி இறந்தபிறகு மனிதர் அதிகநேரம் இருப்பதே அங்கேதான்.

எங்கள் நாட்டில் கிரிக்கெட் விளையாடுவார்கள் என்று கேள்விப்பட்டு, எங்களுக்காகவே மட்டையும் பந்தும் உள்ள படமாகத் தேடி எடுத்திருந்தார். பேஸ்போல் வீரர்கள் பாடி ஆடும் பழைய ஹொலிவூட் நகைச்சுவைப் படம்.

“அப்பா, அவர் சரியான கூச்சக்காரர்,” என்றாள் மதுரா டெனிஷில். “அந்தப் படம் அவருக்கு உயிர். அவருக்கு உங்களைப் பிடிக்கவேண்டும். நான் கேட்கிறது அது மட்டும்தான்.”

“நான் என்ன சின்னப்பிள்ளையே? வாயே திறக்கமாட்டன்,” என்றேன்.

ஆனால் படம் முடிந்து சம்பந்தி ஏதாவது கேட்டால் முழிக்கக்கூடாதே! ஒரு வாரமாகப் பேஸ்போல் விதிகளைக் கரைத்துக் குடித்தேன். அடிப்படையில் அது தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடும் எங்கள் ஊர் எல்லே விளையாட்டுத்தான், கொஞ்சம் பணக்கார வீட்டில் வளர்ந்திருக்கிறது, அவ்வளவே. காரில் போகும் வழியெல்லாம் மனைவிக்கு வகுப்பு எடுத்தேன்.

“மூண்டு தரம் அடிக்கத் தவறினா ஆள் அவுட், விளங்குதே?”

“நீங்கள் ஒருக்காத் தவறினாலே காணும், மகளின்ர கலியாணம் அவுட். பேசாமல் ரோட்டைப் பாருங்கோ.”

தியேட்டரில் கோட்டை மடியில் வைத்தபடி ஓய்வுபெற்ற டெனிஷ்காரர்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். மதுராவும் மிக்கெலும் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். யென்ஸ் திரைக்கு முன்னால் வந்து, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், எங்களைப் பார்த்து, “இன்றைக்கு மிக்கெலின் புதுக்குடும்பம் வந்திருக்கிறது. இது நான் மிகவும் விரும்பும் படம்,” என்றார். அதற்குள் காது சிவந்துவிட்டது. விறுவிறுவென்று மேலே இயந்திர அறைக்குப் போய்விட்டார்.

படம் தொடங்கியது. எனது பேஸ்போல் அறிவு முதல் பாட்டோடு வீணாகிப் போனது. யார் எத்தனை ஓட்டம் எடுத்தார்கள் என்று அந்தப் படத்தில் ஒருவருக்கும் கவலையில்லை! உடைமாற்றும் அறையில் நீள வாங்குப் பலகையின் மேல் ஏறி நின்று மட்டையால் தாளம் போடுகிறார்கள். பந்து பிடிக்கவேண்டியவன் பாட்டு முடியும்வரை பந்தை மேலே காத்திருக்க வைக்கிறான். நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த நடனம் வந்தது. தோற்றுப்போன வீரன் ஒருவன் ஆளில்லாத மைதானத்தில் தனியே நிற்கிறான். அணியின் சீருடைகளைத் துவைக்கும் பெண் கூடையோடு வருகிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் சப்பாத்தால் மண்ணை ஒருதரம் தட்டுகிறான், அவள் பதிலுக்குத் தட்டுகிறாள். அவ்வளவுதான், மைதானத்தின் நாலு முனைகளையும் சுற்றி ஆடத் தொடங்கிவிட்டார்கள். கமெரா வெட்டவேயில்லை. எங்கள் படமென்றால் அதற்குள் ஏழு உடுப்பு மாற்றிச் சுவிட்சர்லாந்துக்கும் போய் வந்திருப்பார்கள். இவர்கள் அதே ஊத்தை உடுப்போடு, அதே புழுதியில், பார்வையாளர் படிகளில் ஏறி, கைப்பிடிச் சுவரில் ஓடி, திரும்பவும் மண்ணில் குதித்தார்கள். மனிதக் காலுக்கு இப்படியெல்லாம் செய்யமுடியுமென்று எனக்கு அதுவரை தெரியாது. நெஞ்சு விம்மிவிட்டது. நான் டென்மார்க்கில் இருப்பதை மறந்தேன், சம்பந்தியை மறந்தேன், பெற்ற மகளையும் மறந்தேன்.

அடித்தேன் ஒரு விசில்! அதோடு விடவில்லை. எழுந்து நின்று, “ஒன்ஸ்மோர்!” என்றும் கத்தினேன்.

“இஞ்சாருங்கோ! இருங்கோ கீழ!” மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மதுரா முகத்தை மூடிக்கொண்டாள். “அப்பா, இங்கே பிடிக்காவிட்டால்தான் விசிலடிப்பார்கள்!”

முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. படம் நின்றது. வெளிச்சம் வந்தது. மேலே படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. சும்மா கிடந்த வாயால் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே!

யென்ஸ் வந்து என் முன்னால் நின்றார். முகம் வெளுத்திருந்தது. “படம் பிடிக்கவில்லையா?” என்றார் மெதுவாக.

நான் இத்தனை காலமாகச் சேர்த்துவைத்த டெனிஷ் முழுவதும் அந்த நேரம் பார்த்து என்னைக் கைவிட்டது. “இல்லை, இல்லை! அழகு! மிக அழகு! எங்கள் ஊரில் நல்லாயிருந்தால் விசிலடிப்போம். தியேட்டர்காரர் அந்தப் பாட்டைத் திரும்பப் போடுவார்,” என்று எப்படியோ உளறி முடித்தேன். கண்ணில் தண்ணீர் வேறு.

யென்ஸ் மேலே இயந்திர அறையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார், “எந்த இடத்திலிருந்து?”

“அவள் கூடையோடு வாற இடத்திலயிருந்து,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். மதுரா சிரிப்பும் அழுகையுமாக மொழிபெயர்த்தாள். அவர் தலையாட்டிவிட்டு மேலே போனார். நடனம் திரும்ப ஓடியது. டெனிஷ்காரர்கள் ஒருவரும் எழுந்து போகவில்லை.

கலியாணம் நன்றாக நடந்தது. அதன்பிறகு பழைய ஆட்டப்படம் போடும்போதெல்லாம் யென்ஸ் எங்களை அழைப்பார். “இன்றைக்கு விசிலடிக்கலாம்,” என்று திரைக்கு முன்னால் நின்று அறிவிப்பார். ஒரு டெனிஷ்காரரும் அடிக்கமாட்டார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள், நான் கடமையைச் செய்வேன்.

போன வருடம் மேல்வரிசைப் பல்லைக் கழற்றிவிட்டுக் கட்டுப்பல் வைத்தேன். அடுத்த படத்தில் நல்லதொரு ஆட்டம் முடிந்தது. விரலை வைத்து ஊதினால் வெறும் காற்றுத்தான் போகிறது. சபை காத்திருந்தது. யென்ஸ் மேலே இயந்திர அறை ஜன்னலுக்குள்ளால் தலையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

திடீரென்று காது கிழியும்படி ஒரு விசில்! திரும்பிப் பார்த்தேன். என் மனைவி வாயிலிருந்து விரலை எடுத்து, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நீர் எப்ப இதைப் பழகினனீர்?”

“பின்ன, உங்கட பல்லை நம்பியே அந்த மனிசன் படம் போடுறது?”

இப்போது யென்ஸ் தொலைபேசியில் அழைப்பது அவளைத்தான். நான் கார் ஓட்டிக்கொண்டு போகிறேன்.